மூன்று ஊர்களும் ஒரு மதிப்பெண் தாளும்

44 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களில் தம் குடும்பத்தின் நிலையை எழுதி, அதனுடன் ஒரு மதிப்பெண் தாளையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் ஊர்ப் பெயர்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். மனைவிக்கு வயது 41. மருத்துவமனை ஒன்றில் செவிலியர். மகளுக்கு 15 வயது. பள்ளியின் இறுதி இரண்டாண்டுப் படிப்பு இன்னும் ஐந்து மாதத்தில் தொடங்கவிருக்கிறது. மகனுக்கு 8 வயது. உடனிருக்கும் அம்மாவுக்கு வயது 73. ஒன்றரை ஆண்டாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. குடியிருக்கும் வீட்டைப் பத்து மாதத்துக்குள் காலி செய்து தரும்படி உரிமையாளர் சொல்லிவிட்டார். பெருநகரத்தின் இரைச்சலும் புகையும் ஏறிக்கொண்டே போகும் வாடகையும் ஏற்கெனவே அலுத்துப் போயிருந்ததால், வீட்டை மாற்றுவதற்குப் பதிலாக ஊரையே மாற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. பட்டியலில் மூன்று ஊர்கள். மூன்றும் வேறு மாநிலங்களில். ஒன்று, குடும்பத்துடன் இரண்டு முறை விடுமுறைக்குப் போய்வந்த கடலோர நகரம். இன்னொன்று, வாடகை குறைந்த, அமைதியான மலையடிவார ஊர். மூன்றாவது, அவருடைய தங்கை குடும்பத்தோடு வசிக்கும் நகரம். இப்போதிருக்கும் ஊரைப் போலவே நெரிசலானது. மதிப்பெண் தாளில் கடலோர நகரம் முதலிடத்தில் நிற்கிறது. ஆனாலும் துணிந்து முடிவெடுக்க மனம் வரவில்லை என்கிறார். மனைவி, "எனக்கு எங்கேயும் சரி, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். மகளோ இந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இது வாழ்நாள் முடிவு, தவறிவிட்டால் திரும்ப முடியாது. எந்த ஊர் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்; தாளை அதைவிட அதிகமாகவே பார்த்தேன். பொறுப்புள்ள ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய தாள் அது. பன்னிரண்டு வரிகள், மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். தட்பவெப்பத்துக்குக் கடலோர நகரம் 9, மலையடிவார ஊர் 7, தங்கையின் ஊர் 4 என்று நுணுக்கமாகப் பிரித்திருக்கிறீர்கள். வாடகைக்கும் காற்றின் தூய்மைக்கும் அப்படியே. ஆனால் கடைசிக்கு முந்தைய வரியில் 'அம்மா' என்று எழுதி, மூன்று கட்டங்களிலும் 8 போட்டிருக்கிறீர்கள். கடைசி வரியான 'மனைவியின் வேலை'க்கும் மூன்றிலும் 8. மகளுக்கென்று தனி வரியே இல்லை. 'பள்ளிகள்' என்ற வரிக்குள் அவளும் தம்பியும் அடங்கிவிட்டார்கள்.

மூன்று கட்டங்களிலும் ஒரே மதிப்பெண் விழுந்திருப்பதால் மூன்று ஊரும் சமம் என்று ஆகிவிடாது. அந்த வரியை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கூட்டல் சரியாக வந்தும் உங்கள் மனம் துணியாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எந்த ஊர் என்பதை உங்களுக்காக நான் முடிவு செய்ய இயலாது; ஆனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதற்கு முன், விசாரிக்கப்படாத வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

அம்மா என்ற வரி

கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், போகிறபோக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். சென்ற மாதம் ஒரு மாலையில் அம்மா வெளியே போய் வழி தெரியாமல் நின்றபோது, கீழ்வீட்டில் இருக்கும் தையல்காரர்தான் பார்த்துக் கைப்பிடித்து அழைத்து வந்தார் என்று. உங்கள் பன்னிரண்டு வரிகளில் அந்தத் தையல்காரருக்கு இடமில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அவர் உடன் வரப்போவதில்லை. அம்மாவின் முகம் தெரிந்த, அவர் தனியாக நடந்து போனால் "எங்கே போறீங்க?" என்று கேட்கக்கூடிய ஒரு தெருவை விட்டுவிட்டுத்தான் நீங்கள் கிளம்பப் போகிறீர்கள். கிளம்பக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எதை விட்டுப் போகிறோம் என்பது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வயதானவர்களுக்கு வரும் மறதிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். பழக்கப்பட்ட தெருவில் வழி தவறுவது சாதாரண மறதிக்குள் அடங்காது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டியது அது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் இத்தகைய மறதி வரக்கூடும்; இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. அல்சைமர் போன்ற மறதிநோயாக இருந்தால் அது படிப்படியாகக் கூடும். இரண்டில் எது என்று தெரியாமல் ஊரை முடிவு செய்வது முறையாகாது. இந்தப் பரிசோதனையை அம்மாவின் பழைய மருத்துவக் குறிப்புகள் இருக்கும் இப்போதைய ஊரிலேயே, இந்த மாதமே செய்துவிடுங்கள்.

மறதிநோய் என்றே வைத்துக்கொண்டால், இடமாற்றம் அவருக்கு என்ன செய்யும் என்பதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். மறதிநோயில் பெரும்பாலும் முதலில் தேய்வது புதிதாக ஒன்றைக் கற்றுப் பதித்துக்கொள்ளும் திறன். பல ஆண்டுப் பழக்கங்கள் நெடுநாள் தங்கியிருக்கும். இப்போதைய வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எழுந்தால், கட்டிலிலிருந்து இடப்பக்கம் நான்கு எட்டு வைத்தால் கழிப்பறைக் கதவு என்பது அவருடைய காலுக்கே தெரியும். யோசிக்க வேண்டியதில்லை. புது வீட்டில் அதே நான்கு எட்டு வைத்தால் சுவர் இருக்கும், அல்லது மாடிப்படி இருக்கும். கீழே விழுவதும், பயந்து குரல் எழுப்புவதும், "வீட்டுக்குப் போகலாம்" என்று பல வாரங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதனால்தான். கட்டிலைப் பழைய திசையிலேயே போடுவது, கழிப்பறை வரை இரவு விளக்கு எரியவிடுவது, அவருடைய போர்வையையும் நாற்காலியையும் சுவர்க் கடிகாரத்தையும் புதிது வாங்காமல் அப்படியே எடுத்துப் போவது போன்ற சிறு ஏற்பாடுகள் நிஜமாகவே உதவும்.

ஆகவே மாற வேண்டியிருந்தால் அம்மாவைப் பொறுத்தவரை பின்னால் மாறுவதைவிட முன்னால் மாறுவதே நல்லது. புதிய வீட்டைச் சிறிதாவது பழகிக்கொள்ளும் திறன் இருக்கும்போதே மாற வேண்டும். போகும் இடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருந்தால் இன்னும் நல்லது. இந்த வரியில் மூன்று ஊருக்கும் 8 போட முடியாது என்பதை நீங்களே இப்போது காண்பீர்கள். மலையடிவார ஊரில் நரம்பியல் மருத்துவர் இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மணி நேரப் பயணம் என்பதை நீங்கள் விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை.

இன்னொன்று. அம்மாவிடம் கேட்டீர்களா? ஆறு பக்கத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. மகளின் மௌனம்கூட இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. மறதி தொடங்கியவருக்கும் விருப்பம் உண்டு, அதைச் சொல்லவும் தெரியும், கேட்கப்படும் உரிமையும் உண்டு. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வங்கி, சொத்து, மருத்துவச் சம்மதம் ஆகியவற்றுக்கான அதிகாரப் பத்திரத்தையும் அவர் விளங்கிக்கொண்டு கையெழுத்திடக்கூடிய இந்தக் காலத்திலேயே வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதிவிடுவது நல்லது. புரிந்துகொள்ளும் நிலை தவறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு மதிப்பிருக்காது. மாநிலம் மாறினால் பத்திரத்தின் வடிவமும் பதிவுமுறையும் மாறக்கூடும் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோர நகரத்தின் 9

அந்த ஊருக்கு நீங்கள் போனது இரண்டு முறை. இரண்டும் விடுமுறையில், இரண்டும் ஆண்டின் நல்ல மாதங்களில். நீங்கள் மதிப்பெண் போட்டது அந்த ஊருக்கா, அந்த விடுமுறைக்கா என்று பிரித்துப் பாருங்கள். வேலை இல்லை, பள்ளி இல்லை, அம்மாவின் மறதியும் அப்போது இவ்வளவு இல்லை.

டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் கலிஃபோர்னியாவிலும் படிக்கும் ஏறக்குறைய 2,000 மாணவர்களில் சிலரிடம், தங்கள் வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்றும், மற்றவர்களிடம், இவ்விரு பகுதிகளில் ஒன்றில் வசிக்கும் தங்களைப் போன்ற ஒருவருக்கு எப்படியிருக்கும் என்றும் கேட்டார்கள். இதமான வெயிலுள்ள கலிஃபோர்னியாவில்தான் மகிழ்ச்சி அதிகமிருக்கும் என்று இரு பகுதியினரும் சொன்னார்கள். ஆனால் தத்தம் வாழ்வைப் பற்றி அவர்கள் சொன்னதைப் பார்த்தால், இரு பகுதிக்கும் வேறுபாடு இல்லை. ஊர்களை ஒப்பிடும்போது கண்ணில் படும் வேறுபாட்டை நாம் பெரிதாக எடைபோடுகிறோம். அங்கே வாழத் தொடங்கிய பின் நாளை நிரப்புவது வேலையும் உறவும் உடல்நலமும் தூக்கமும்தான். கடல் எங்கும் போய்விடாது. ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் நீங்கள் அதைப் பார்க்கக்கூட மாட்டீர்கள்.

அங்கே கடலுக்குப் பக்கத்தில் வாடகை அதிகம் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் தள்ளி வீடு பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அலுவலகம் போகும் வேலையில்லை. அந்தப் பயணத்தை நாள்தோறும் இரண்டு முறை செய்யப்போவது உங்கள் மனைவி, அதுவும் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு முன்னும் பின்னும். ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டப்பட்ட குடும்பத் தரவுகளை ஆராய்ந்த புருனோ ஃப்ரையும் அலோய்ஸ் ஸ்டட்சரும், பயண நேரம் கூடக்கூட மக்கள் சொல்லும் வாழ்க்கை நிறைவு குறைவதைக் கண்டார்கள். குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை முழுமையாக ஈடுகட்டவில்லை. இதில் நான் உங்களிடம் கண்டிப்பாகவே இருக்கிறேன்: வாடகை மிச்சமாகும் தொகைக்கான விலையை வேறொருவர் கொடுப்பார் என்றால், அவரைக் கேட்காமல் அந்தக் கணக்கைப் போடக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றி ஒரு திருத்தம். "எட்டு ஆண்டுக்கு முன் பெரிய வெள்ளம் வந்தது, நூறாண்டு வெள்ளம் என்றார்கள், ஆகவே நம் காலத்தில் இனி வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை வந்துவிட்டு ஓய்வெடுப்பது என்று பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றே பொருள். சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அதே 1 விழுக்காடுதான். முப்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தால், ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. அதுவும் பழைய மழை அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு. வீடு பார்க்கும்போது அந்த எட்டு ஆண்டுக்கு முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். வழி தெரியாமல் போகும் 73 வயது அம்மாவைத் தரைத்தளத்திலும் வைக்க முடியாமல், மேல்மாடியிலும் வைக்க முடியாமல் போகும் நிலையை எண்ணிப்பாருங்கள்.

மகளின் மௌனம்

"குழந்தைகள் எங்கே போனாலும் ஆறு மாதத்தில் ஒட்டிக்கொள்வார்கள்" என்கிறீர்கள். எட்டு வயது மகனைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. பதினைந்து வயதுக்கு அப்படியில்லை. அந்த வயதில் தோழிகள்தான் ஊர். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறியிருந்த பெரியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேலும் சேர்ந்து கழிய வேண்டியிருக்கிறது என்று மதிப்பிட்டார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் இதில் பெரிதாகச் சேராது. சேர்ந்து சிரித்த, சுற்றிய, பேசிய நேரம்தான் கணக்கு. உங்கள் மகள் இப்போது விட்டுவிட்டுப் போக வேண்டியது பல ஆண்டுகளில் சேர்ந்த அப்படிப்பட்ட மணிகளை. அவளுடைய மௌனத்தைப் பிடிவாதமாகக் கருத வேண்டாம்.

அதே வேளையில் தேவையற்ற அச்சமும் வேண்டாம். ஷிகேஹிரோ ஒய்ஷியும் உல்ரிச் ஷிம்மாக்கும் அமெரிக்காவில் 7,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவில், சிறுவயதில் பல முறை ஊர் மாறியவர்களுக்கு வளர்ந்தபின் மனநிறைவு குறைவாக இருந்தது. ஆனால் கூச்ச சுபாவமுள்ள, தனக்குள் ஒடுங்குபவர்களிடம்தான் அது தெரிந்தது, கலகலப்பாகப் பழகுபவர்களிடம் இல்லை. அங்கே பேசப்படுவது பல இடமாற்றங்கள், உங்களுடையது ஒன்று. உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து நிறைய மாறும்.

காலத்தைப் பொறுத்தவரை நீங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. வீட்டு உரிமையாளர் கொடுத்த பத்து மாதக் கெடு, மகளின் இறுதி இரண்டாண்டுப் படிப்பு தொடங்கி ஐந்தாம் மாதத்தில் போய் விழுகிறது. அந்த நேரத்தில் மாறுவதைப் போல மோசமான நேரம் வேறில்லை: பாதிப் பாடம் முடிந்திருக்கும், நட்புக் குழுக்கள் அமைந்திருக்கும், மாநிலம் மாறுவதால் பாடத்திட்டமும் வேறாக இருக்கலாம். மாறுவதென்றால் ஐந்து மாதத்தில், கல்வியாண்டு முடியும் இடைவெளியில் மாறுங்கள். அப்போது அவளோடு சேர்ந்து வேறு பலரும் புதிதாகச் சேர்வார்கள். இல்லையென்றால் இந்த ஊரிலேயே, முடிந்தால் இதே தெருவை ஒட்டி, இரண்டு ஆண்டுக்கு வேறு வீடு பாருங்கள். இந்த நான்காவது வழி உங்கள் தாளில் இல்லை. 'இங்கேயே இருப்பது' என்பதற்கும் ஒரு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுங்கள். அது தோற்றாலும் நியாயமாகத் தோற்கட்டும்.

மகளிடம் பேசும்போது முடிவைச் சொல்லி ஒப்புதல் வாங்கப் பார்க்காதீர்கள். "எதை விட்டு வர உனக்கு மனசில்லை?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நீங்கள் எதுவும் பேசாமல் இருங்கள். முதல் நாள் பதில் வராமலும் போகலாம்.

"எங்கேயும் சரி" என்ற சொல்

உங்கள் மனைவியின் "எனக்கு எங்கேயும் சரி" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு 8, 8, 8 போட்டிருக்கிறீர்கள். ஆலோசனை அறையில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அதற்கு, "நான் சொன்னாலும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது" என்றோ, "நாளை ஏதாவது தவறினால் பழி என் மேல் வேண்டாம்" என்றோதான் பொருள். சில நேரம் வெறும் களைப்பு. எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

செவிலியருக்கு எங்கும் வேலை உண்டு என்பது உண்மை. ஆனால் வேலை கிடைப்பது வேறு, வேலை செய்ய உரிமம் இருப்பது வேறு. பல கூட்டாட்சி நாடுகளில் செவிலியர் பதிவு மாநிலத்தின் கையில் இருக்கிறது. இந்தியாவில் மாநிலச் செவிலியர் மன்றங்கள் பதிவு செய்கின்றன. அமெரிக்காவில் செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்கிடையே ஒரே உரிமத்தோடு பணியாற்றலாம். சேராத மாநிலத்துக்குப் போனால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. உங்கள் மூன்று ஊர்களும் மூன்று மாநிலங்களில் இருப்பதால், ஒவ்வொன்றிலும் பதிவை மாற்ற எத்தனை வாரம், என்னென்ன சான்றிதழ், இடையில் சம்பளமில்லாத காலம் எவ்வளவு என்பதை அவரே விசாரிக்கட்டும். அந்த விசாரணையில் இறங்கும்போது அவருடைய உண்மையான விருப்பமும் தானாக வெளியே வரக்கூடும்.

உங்கள் வேலை பற்றியும் ஒரு எச்சரிக்கை. "எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்" என்பதை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். மாநிலம் மாறினால் வரிப் பிடித்தமும் தொழிலாளர் சட்டமும் மாறக்கூடிய நாடுகளில், ஊழியர் வேறு மாநிலத்துக்குப் போவது நிறுவனத்துக்குப் புதிய கடமைகளை உண்டாக்கும். மேலாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன பல நிறுவனங்கள் பிறகு அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்ததையும் பார்த்தோம். எந்த ஊரிலிருந்து வேலை செய்யலாம், சம்பளம் மாறுமா, திரும்ப அழைத்தால் எத்தனை மாத அவகாசம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அம்மாவின் மருத்துவக் காப்பீடு புதிய மாநிலத்தின் மருத்துவமனைகளில் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கனடாவில் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் புதிய மாகாணத்தின் காப்பீடு தொடங்க மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை பழைய மாகாணம் பொறுப்பேற்கும். எல்லா இடத்திலும் இப்படி இடைவெளியை நிரப்பும் ஏற்பாடு இருக்கும் என்று எண்ண வேண்டாம். வாகனப் பதிவு, வாக்காளர் பட்டியல், முகவரி மாற்றம் எல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிவை மாற்றக்கூடியவை அல்ல.

தங்கையின் ஊர்

இனி என் சாய்வைச் சொல்கிறேன். நீங்கள் கடைசி இடத்தில் வைத்த தங்கையின் ஊரையே மறுபடி பாருங்கள் என்பது என் கருத்து. நெரிசல் இருக்கிறது, தட்பவெப்பம் சுமார், வாடகையும் பெரிதாகக் குறையாது. ஆனால் அம்மா "வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்கும் மாலையில், உங்கள் தங்கை என்ற தெரிந்த முகம் கதவைத் திறந்துகொண்டு வரக்கூடிய ஊர் மூன்றில் அது ஒன்றுதான். அத்தை மகளோ மகனோ இருப்பது உங்கள் பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்களில் ஒரு பிடிமானம். பெரிய மருத்துவமனைகளும் செவிலியர் பணிகளும் உள்ள ஊர். நீங்கள் தப்பிக்க நினைத்த இரைச்சல் அங்கும் இருக்கும் என்பது உண்மையான இழப்புதான். அதை நான் சிறிதாக்கவில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை. "தங்கை இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? அவருக்கும் வேலையும் குடும்பமும் இருக்கின்றன. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலை, அவசரத்தில் யார் முதலில் என்பதை அவரிடமும் அவர் கணவரிடமும் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். "பார்த்துக்கலாம் அண்ணா" என்ற அன்பான பொதுப்பேச்சோடு நின்றுவிட்டால், ஓராண்டுக்குள் மனத்தாங்கலில் முடியும். அவர் முடியாது என்று சொன்னால் அதை மதியுங்கள். அப்போது, மகளின் படிப்பு முடியும்வரை இந்த ஊரிலேயே, தையல்காரர் கண்ணில் படும் தூரத்தில் வேறு வீடு பார்ப்பதே மற்ற இரண்டு ஊர்களையும்விட நல்லது என்று நினைக்கிறேன்.

எந்த ஊரானாலும் முதலில் போய்ப் பாருங்கள், விடுமுறையாளராக அல்ல. ஆண்டின் மிக மோசமான மாதத்தில், வாரத்தின் நடுவில், கடைசிப் பேருந்து போன பிறகும் காலை எட்டு மணி நெரிசலிலும் அந்தத் தெருவில் நில்லுங்கள். பார்க்கும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நீங்களே ஒருமுறை போய் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணங்களுக்கு அம்மாவை அழைத்துப்போக வேண்டாம். அலைச்சல் அவரைக் குழப்பும். முதல் ஆண்டு வாடகை வீடுதான், சொந்த வீடு வாங்கும் பேச்சே வேண்டாம்.

"திரும்ப முடியாது" என்ற உங்கள் அச்சம்தான் இந்த முடிவை இவ்வளவு கனமாக்குகிறது. மக்கள் இடம்பெயர்வதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன், 1885-இலேயே ஒன்றைக் கவனித்து எழுதினார்: ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவது எல்லாக் காலத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களால் உண்மையிலேயே திரும்பப் பெற முடியாதவை இரண்டுதான்: மகளின் இந்த இரண்டு பள்ளி ஆண்டுகள், அம்மாவுக்குத் தெளிவு மிச்சமிருக்கும் இந்தக் காலம். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

வரிசையாகச் சொன்னால், முதலில் அம்மாவின் பரிசோதனை, பிறகு மகளோடும் மனைவியோடும் தனித்தனியே பேச்சு, பிறகு தங்கை வீட்டுக்கு ஒரு பயணம். இவை மூன்றும் அடுத்த ஆறு வாரத்துக்குள் முடிந்தால் கல்வியாண்டு முடிவதற்குள் பள்ளிச் சேர்க்கைக்கும் வீடு பார்ப்பதற்கும் நேரம் இருக்கும். அதன் பிறகு அந்தத் தாளைப் புதிதாக எழுதுங்கள், நான்கு கட்டங்களோடு. அம்மா, மனைவி, மகள் ஆகிய மூன்று வரிகளிலும் மதிப்பெண்ணை நீங்கள் போடாமல் அவரவரையே போடச் சொல்லுங்கள். விரும்பினால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.